ஜொகூர் நீரிணையின் இரு கரைக் காற்பந்து: ஆட்டக்காரரும் அரசும்

ஜொகூர் நீரிணையைத் தாண்டிப் போய்க் காற்பந்து ஆடும் வழக்கம் அந்த நீரிணைக்குப் பாலம் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. மலாயாக் கிண்ணத்தின் முதல் இறுதியாட்டம் 1921-இல் நடந்தது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது 1924-இல். 1965-இல் சிங்கப்பூர் தனி நாடான பிறகும் சுமார் முப்பது ஆண்டுகள் அதன் அணி மலேசிய மாநிலங்களோடு ஒரே போட்டியில் ஆடியது. பிறகு பிரிந்தது, திரும்பியது, மறுபடியும் பிரிந்தது. இதற்கிடையே ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் தனித்தனியாக இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தனர்.

ஓர் ஆட்டக்காரர் எந்த அணிக்கு ஆடலாம், எப்போது போகலாம், எந்த நாட்டுக்காரராக ஆடலாம் என்ற கேள்விகளுக்கு இந்த எல்லையில் காற்பந்து விதிப்புத்தகம் பதில் சொன்னது குறைவு. பதில் சொன்னவை குடிநுழைவுச் சட்டம், விசாரணையில்லாத் தடுப்புக் காவல், கட்டாய தேசிய சேவை, குடியுரிமை ஆகிய அரசுக் கருவிகள்தாம். கோல் கணக்கை மட்டும் பார்த்துப் போகிறவருக்கு இது கண்ணில் படாது.

கிண்ணமும் கடற்பாலமும்

மலாய் அரசுகளின் பணத்தில் கட்டப்பட்ட 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1921-இல் இப்பகுதிக்கு வந்தது. அந்த வருகையின் நினைவாகக் கப்பலைச் சேர்ந்தவர்கள் அளித்த கிண்ணமே மலாயாக் கிண்ணம். முதல் ஆண்டில் கோலாலம்பூரில் சிலாங்கூரை 2–1 என்று வென்று சிங்கப்பூர் அதைக் கைப்பற்றியது. 1967 முதல் அதற்கு மலேசியக் கிண்ணம் என்று பெயர். மொத்தம் 24 முறை சிங்கப்பூர் அதை வென்றிருக்கிறது.

1967-ஆம் ஆண்டில் ஒரு விநோதம் இருக்கிறது. கிண்ணத்துக்கு மலேசியாவின் பெயர் சூட்டப்பட்டபோது சிங்கப்பூர் மலேசியாவை விட்டுப் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை கடப்பிதழ் இல்லாமல் நடந்தும் சைக்கிளிலும் கடந்த பாலத்தின் இரு முனைகளிலும் 1960களின் இறுதியில் குடிநுழைவுச் சாவடிகள் எழுந்தன. ஆனாலும் சிங்கப்பூர் அணி மலேசிய மாநிலங்களின் கிண்ணத்தில் ஒரு மாநிலத்தைப் போலவே தொடர்ந்து ஆடியது. நாடுகள் பிரிந்த பின்னும் போட்டியைப் பிரிக்க இரு அரசுகளும் அவசரப்படவில்லை. கிண்ணம் விற்றுக்கொடுத்த நுழைவுச்சீட்டுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

சீட்டு விற்பனையைப் பெருந்தொழிலாக மாற்றியவர் 1970களில் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத் தலைவராக இருந்த வழக்கறிஞர் நடேசன் கணேசன். ஜாலான் புசார் அரங்கில் நடந்துவந்த சொந்த மண் ஆட்டங்களை 55,000 பேர் அமரக்கூடிய காலாங் தேசிய விளையாட்டரங்குக்குக் கொண்டுபோனவர் அவர். ஆட்டத்தைப் பார்க்க முன்தினமே வரிசையில் படுத்துக் கிடந்தார்கள். 'காலாங் முழக்கம்' என்ற பேர் அப்போது பிறந்தது. 1977 இறுதியாட்டத்தில் பினாங்கை 3–2 என்று வென்ற அணியில் வளைந்து செல்லும் உதைகளுக்குப் பேர்போன எஸ். ராஜகோபாலும் குவா கிம் சோங்கும் அக்கால இளைஞர்களின் நாயகர்கள்.

ஜொகூரின் முறை

இத்தனை ஆரவாரத்தின் நடுவிலும் பாலத்தின் வடமுனையில் இருந்த ஜொகூர் நெடுங்காலம் பெரிய பெயர் எடுக்கவில்லை. அதன் முதல் மலேசியக் கிண்ணம் 1985-இல்தான் வந்தது. கோலாலம்பூரை 2–0 என்று வென்றது. அடுத்தது 1991. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் மைக்கேல் உருக்காலோவின் கீழ் அவ்வாண்டு லீக்கையும் கிண்ணத்தையும் ஒருசேரப் பிடித்தது ஜொகூர். இறுதியில் சிலாங்கூர் 3–1 என்று வீழ்ந்தது.

அந்த அணியின் ஆஸ்திரேலியர்களான அப்பாஸ் சாட், அலிஸ்டர் எட்வர்ட்ஸ் இருவருமே அதற்கு முன் சிங்கப்பூருக்கு ஆடியவர்கள். அப்பாஸ் சாட் 1993-இல் மீண்டும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கே போனார். எதிர்த்திசையிலும் ஓட்டம் இருந்தது. சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது, மாலிக் அவாப் இருவரும் 1980களின் பிற்பகுதியில் கோலாலம்பூருக்கு ஆடி, 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று கிண்ணங்களில் பங்குபெற்றார்கள். 1989-இல் மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் வந்தபோது இந்தப் போக்குவரத்துக்கு ஒழுங்கான சம்பளமும் ஒப்பந்தமும் கிடைத்தன. கூடவே சூதாட்டப் பணமும் வந்தது.

1994: கிண்ணம், கைது, நாடுகடத்தாத நாடுகடத்தல்

1994 சிங்கப்பூரின் பொன்னாண்டு என்று இன்றும் பேசப்படுகிறது. லீக்கை வென்றது, ஷா ஆலமில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியில் பகாங்கை 4–0 என்று நொறுக்கியது. மூன்று கோல்களை அடித்தவர் அப்பாஸ் சாட். மறு ஆண்டு அதே அப்பாஸ் சாட் ஆட்ட முடிவை விலைபேசிய சதிக்காகச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் 50,000 வெள்ளி அபராதம் பெற்றார். அவரது சக ஆட்டக்காரரான செக் நாட்டவர் மிகால் வானா, அதே குற்றச்சாட்டில் பிணையில் இருந்தபோது நாட்டைவிட்டே தப்பிவிட்டார்.

பாலத்தின் மறுமுனையில் கதை இன்னும் பெரியது. மலேசியாவில் அக்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் காவல்துறை விசாரித்தது. பலர் நீக்கப்பட்டனர், பலர் தடைசெய்யப்பட்டனர். லஞ்சம் வாங்கியதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். பணம் கைமாறியதைப் பார்த்த சாட்சி பெரும்பாலும் பணத்தைக் கொடுத்தவரே. ஆகவே அரசு 1933-ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட வசிப்பிடச் சட்டத்தைக் கையில் எடுத்தது. பிரிட்டிஷார் விட்டுப்போன அந்தச் சட்டப்படி, விசாரணை ஏதும் இல்லாமலே ஒருவரை அவர் ஊரிலிருந்து அகற்றி, குறிப்பிட்ட ஒரு மாவட்டத்தில் போய் வசிக்கும்படி ஆணையிடலாம். ஆட்டக்காரர்கள் சிலர் இவ்விதம் தம் ஊரிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார்கள். ஆடுகளத்தை விட்டு விலக்குவது சங்கத்தின் தண்டனை. வீட்டை விட்டு விலக்குவது அரசின் தண்டனை. இரண்டாவதை எதிர்த்து ரசிகர்கள் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. ஏமாற்றப்பட்ட ரசிகனுக்குத் தண்டனையின் வடிவத்தைப் பற்றி அக்கறை இல்லை. இந்தச் சட்டத்தை மலேசிய நாடாளுமன்றம் 2011-இல்தான் நீக்கியது.

இதே சமயத்தில் நுழைவுக் கட்டண வசூலில் பங்கு தொடர்பாக மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் சிங்கப்பூர்ச் சங்கத்துக்கும் தகராறு முற்றியது. 1995 தொடக்கத்தில் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகி, 1996-இல் எஸ்.லீக் என்ற தன் சொந்தத் தொழில்முறை லீக்கைத் தொடங்கியது.

ஐரோப்பாவில் அப்போது நடந்தது இதற்கு நேர்மாறானது. பெல்ஜியத்தின் ஆட்டக்காரர் ஜான் மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில், 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் மாற்றுக்கட்டணம் இல்லாமல் வேறு நாட்டு அணிக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்தது. தொழிலாளி எல்லை தாண்டிச் செல்லும் உரிமை ஐரோப்பிய ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்ததால் அது சாத்தியமாயிற்று. ஜொகூர் நீரிணையில் அப்படி எழுதப்பட்ட உரிமை எதுவும் இல்லை. பெருந்தொற்றுக்கு முன் நாள்தோறும் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடந்த பாலம் இது. ஆனால் வேலைக்காகக் கடந்தவர்கள் கடந்தது வேலை அனுமதியின் பேரில்தான். ஆட்டக்காரரும் அப்படியே.

டான் சீட் எங் வழக்கு

பணத்துக்காக ஆட்ட முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கும் ஆட்டநிர்ணயத்தை ஒடுக்க அரசு தனிமனித உரிமையை எதுவரை மடக்கலாம் என்ற கேள்வி சிங்கப்பூரில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தை எட்டியது. ஒரு காற்பந்து வழக்கு நாட்டின் அரசமைப்புச் சட்டப் பாடநூலுக்குள் போவது அரிது.

2011-இல் பின்லாந்தின் ரொவானியெமி நகரில் சிங்கப்பூர்த் தமிழரான வில்சன் ராஜ் பெருமாள் கைதானார். அவருக்கு அங்கே இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பல கண்டங்களில் பரவியிருந்த ஆட்டநிர்ணயக் கும்பலின் கயிறு சிங்கப்பூரில் இருக்கிறது என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. கும்பலின் தலைவர் என்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டிய டான் சீட் எங்கைச் சிங்கப்பூர் 2013-இல் பிடித்தது. ஆனால் குற்றஞ்சாட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. 1955-ஆம் ஆண்டின் குற்றவியல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டப்படி, உள்துறை அமைச்சரின் ஆணையால் விசாரணையின்றிக் காவலில் வைத்தது. ரகசியச் சங்கக் குண்டர்களை அடக்க இயற்றிய இந்தச் சட்டத்தின் 'தற்காலிகம்' அப்போதே அரைநூற்றாண்டைத் தாண்டியிருந்தது.

டான் தம் காவலை எதிர்த்து மனுச் செய்தார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 நவம்பர் 25 அன்று, தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் எழுதிய தீர்ப்பில், காவல் சட்டவிரோதம் என்று கூறி அவரை விடுவித்தது. தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. காவல் ஆணையில் சொல்லப்பட்ட ஆட்டங்கள் எகிப்து, தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, துருக்கி, டிரினிடாட்–டொபேகோ போன்ற நாடுகளில் நடந்தவை. அவற்றால் சிங்கப்பூருக்குள் பொதுப் பாதுகாப்புக்கோ அமைதிக்கோ ஒழுங்குக்கோ என்ன ஆபத்து என்று ஆணை காட்டவில்லை. அமைச்சருக்குச் சட்டம் தந்த அதிகாரம் பெரியதுதான், ஆனால் அது சட்டத்தின் நோக்கத்துக்குள் நிற்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 1 அன்று டான் மீண்டும் கைதானார். மறுபடியும் காவலில் வைக்கப்பட்டார். புதிய ஆணையில் காரணங்கள் இன்னும் விரிவாக எழுதப்பட்டிருந்தன. 2018-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அமைச்சரின் முடிவே இறுதி என்ற வாசகத்தைச் சேர்த்தது. நீதிமன்ற மறுஆய்வு முற்றிலும் அடைபடவில்லை என்று உள்துறை அமைச்சர் கா. சண்முகம் நாடாளுமன்றத்தில் வாதிட்டார். எதிர்த்தவர்கள் கதவு குறுகிவிட்டது என்றார்கள். காவலில் இருந்தவர் மீது இரக்கம் காட்டுவோர் மிகச் சிலரே. அதனாலேயே இந்த வழக்கு முக்கியமானது. பிடிக்காத ஒருவருக்கும் உரிமை உண்டா என்பதைத்தான் நீதிமன்றம் சோதித்தது.

மீண்டும் இணைவு, மீண்டும் பிரிவு

சிங்கப்பூர் 1995-இல் விலகியதற்கும் 2012-இல் திரும்பியதற்கும் இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலேசியச் சங்கம் 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களையே தன் லீக்கில் தடைசெய்தது. உள்நாட்டு இளைஞர்களுக்கு வாய்ப்பு வேண்டும் என்பது காரணம். 2012-இல் தடை நீங்கியபோது, ஓர் உடன்பாட்டின்படி 'லயன்ஸ்XII' என்ற சிங்கப்பூர் அணி மலேசிய லீக்குக்குத் திரும்பியது. பதிலுக்கு 'ஹரிமாவ் மூடா' என்ற மலேசிய இளையர் அணி எஸ்.லீக்கில் ஆடியது. வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் லயன்ஸ்XII 2013-இல் மலேசிய சூப்பர் லீக்கை வென்றது. ஃபாண்டி அகமதுவின் பயிற்சியில் 2015-இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. அந்த ஆண்டின் இறுதியில் மலேசியச் சங்கம் உடன்பாட்டைப் புதுப்பிக்கவில்லை. அணி கலைந்தது. வெற்றி வேறு, உடன்பாடு வேறு என்று ஆட்டக்காரர்களுக்கு உணர்த்திய ஆண்டு அது.

ஜே.டி.டி. யுகம்

2012-இல் ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராகிம் மாநிலக் காற்பந்துச் சங்கத் தலைவரானார். பல அணிகளாகச் சிதறிக்கிடந்த மாநிலக் காற்பந்து 2013-இல் ஜொகூர் டாருல் தாக்சிம் (ஜே.டி.டி.) என்ற பெயரில் ஒன்றானது. ஸ்பானிய ஆட்டக்காரர் டானி குயிசாவும் இத்தாலியின் சிமோனே டெல் நேரோவும் வந்தார்கள். 2014-இல் அர்ஜென்டினாவின் பாப்லோ ஐமர் வந்து, காயங்களால் அவ்வாண்டிலேயே விடைபெற்றார். 2014 முதல் 2024–25 வரை ஒவ்வொரு சூப்பர் லீக் பட்டமும் ஜே.டி.டி.யுடையது, தொடர்ச்சியாகப் பதினொன்று. 2015 அக்டோபர் 31 அன்று தஜிகிஸ்தானின் துஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1–0 என்று வென்று ஏ.எஃப்.சி. கிண்ணத்தைத் தூக்கிய முதல் தென்கிழக்காசிய அணியும் இதுதான். அந்தத் தலைமுறை ஜே.டி.டி.யில் தமிழர் எஸ். குணாளனும் இருந்தார். இஸ்கந்தர் புத்ரியில் 40,000 இருக்கைகள் கொண்ட சுல்தான் இப்ராகிம் அரங்கம் 2020-இல் திறக்கப்பட்டது. 1998-இல் வந்த இரண்டாம் பாலத்தின் வழியாகச் சிங்கப்பூரின் துவாஸிலிருந்து அங்கே போவது எளிது.

அதற்கு முன் ஜொகூரின் வீடாக இருந்தது லார்க்கின் அரங்கம். 1997 நவம்பர் 16 அன்று அங்கே நடந்த ஆட்டத்தில் ஜொகூருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. உலகக் கிண்ண இடத்துக்காக ஜப்பானும் ஈரானும் மோதின. கூடுதல் நேரத்தில் மசாயுகி ஒகானோ அடித்த தங்கக் கோலால் 3–2 என்று வென்ற ஜப்பான் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. ஜப்பானியர்கள் அந்த இரவை இன்றும் ஜொகூர் பாருவின் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள். 

சிங்கப்பூரர்களுக்கு ஜே.டி.டி. பக்கத்து ஊர் அணி, ஆனால் வெளிநாட்டு அணி. தற்காப்பு ஆட்டக்காரர் பைஹாக்கி கைசான் அங்கே ஆடினார். 2014-இல் சேர்ந்த ஹாரிஸ் ஹாருன் அணித்தலைவராகவே உயர்ந்தார். வீடு பாலத்துக்கு அப்பால், வேலை பாலத்துக்கு இப்பால் என்ற வாழ்க்கை லட்சக்கணக்கான மலேசியர்களுக்கு எதிர்த்திசையில் பழக்கமானது. 2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியபோது அந்த வாழ்க்கை ஒரே நாளில் நின்றது. ஜொகூரிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற கரையில் இருக்கும் குடும்பத்தைக் காண வாரக்கணக்கில் தனிமைப்படுத்தல். 2021-இல் ஹாரிஸ் ஜே.டி.டி.யை விட்டுச் சிங்கப்பூரின் லயன் சிட்டி செய்லர்ஸ் அணிக்குப் போனார். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்பதே காரணம். ஒப்பந்த மீறலோ சம்பளத் தகராறோ இல்லை. நில எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்று.

இங்கே உலகக் காற்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் ஒரு விதி கவனத்துக்குரியது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை நாடு தாண்டி அணி மாற்றுவது பொதுவாகத் தடை. விதிவிலக்குகளுள் ஒன்று எல்லைப்புறச் சிறுவர்களுக்கானது. வீடும் அணியும் எல்லையிலிருந்து தலா 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைத்தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. சிறுவன் தன் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்க வேண்டும். இரு நாட்டுச் சங்கங்களும் சம்மதிக்க வேண்டும். சிங்கப்பூர்த் தீவு முழுவதும், ஜொகூர் பாருவும் இஸ்கந்தர் புத்ரியும் இந்த அளவுகளுக்குள் அடங்கும். புவியியல் எழுதிக்கொடுத்த அனுமதி இது. மீதமிருப்பது கடைசி நிபந்தனையான சம்மதம்.

தேசிய சேவையும் பென் டேவிஸும்

சிங்கப்பூரின் ஆண்கள் 18 வயதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தேசிய சேவை செய்ய வேண்டும். 1967 முதல் இது சட்டம். காற்பந்தில் 18 முதல் 20 வரையிலான வயது, ஓர் ஆட்டக்காரர் தொழிலுக்குள் காலூன்றும் காலம். ஆகவே சிங்கப்பூரின் ஒவ்வொரு தலைமுறைத் திறமைசாலியும் இந்தச் சுவரில் முட்டியிருக்கிறார்.

2018-இல் பென் டேவிஸ் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் அணியோடு ஒப்பந்தமிட்டார். பிரிமியர் லீக் அணி ஒன்றுடன் தொழில்முறை ஒப்பந்தம் செய்த முதல் சிங்கப்பூரர் அவர். சேவையைத் தள்ளிவைக்கக் கேட்ட அவரது விண்ணப்பத்தைத் தற்காப்பு அமைச்சு நிராகரித்தது. அமைச்சர் இங் எங் ஹென் நாடாளுமன்றத்தில் அளித்த விளக்கப்படி, நாட்டுக்காக ஆடிப் பதக்கம் வெல்லக்கூடியவர்களுக்கே தள்ளிவைப்பு உண்டு; பதினைந்து ஆண்டுகளில் மூன்று விளையாட்டாளர்களுக்கே அது கிடைத்தது. ஒரு தனியார் அணியில் வேலை செய்வது அந்த வகையில் சேராது. டேவிஸ் பதிவுக்கு வரவில்லை. 2019-இல் சேவை தவிர்த்தவராக அறிவிக்கப்பட்டார். இதற்குச் சிங்கப்பூரில் 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பின்னர் அவர் தம் தாயின் நாடான தாய்லாந்தின் இளையர் அணிக்கு ஆடினார்.

இந்த விவாதத்தில் இரு பக்கமும் நியாயம் பேசின. சமமான சேவை என்ற கொள்கையில் ஓட்டை விழுந்தால் வசதியுள்ளவர்கள் அந்த ஓட்டையில்தான் நுழைவார்கள் என்பது அரசின் வாதம்; அதை எளிதில் தள்ள முடியாது. மறுபக்கத்தில், கிடைத்த ஒரே வாய்ப்பை இரண்டு ஆண்டு ஒத்திவை என்று சொல்வது அதை மறுப்பதற்குச் சமம் என்பதையும் காற்பந்து தெரிந்த யாரும் மறுக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் இருபது வயது என்பது தாமதம்.

அரசா, அரண்மனையா, சங்கமா

ஃபிஃபாவின் விதிகளில் அரசு உள்ளிட்ட வெளியார் தலையீடு கடுங்குற்றம். 2015-இல் இந்தோனேசியாவும், 2022 ஆகஸ்டில் இந்தியாவும், 2023-இல் இலங்கையும் அந்தக் காரணத்தால் இடைநீக்கம் செய்யப்பட்டன. இந்தியாவின் தடை சில நாள்களிலேயே நீங்கியது. மலேசியாவில் இந்த விதியைப் பொருத்திப் பார்ப்பது சங்கடமான வேலை. சங்கத்தின் தலைமை தொடக்கத்திலிருந்தே ஆட்சியோடும் அரண்மனைகளோடும் ஒட்டியே இருந்தது. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் 1951 முதல் 1974 வரை சங்கத் தலைவர். பகாங் சுல்தான் அகமது ஷா 1984 முதல் 2014 வரை. துங்கு இஸ்மாயில் 2017–18-இல். ஜொகூரில் அணியின் உரிமையாளரும் மாநிலத்தின் பட்டத்து இளவரசரும் ஒருவரே. மலாய் ஆட்சியாளர்களைப் பற்றிய பொது விமர்சனத்துக்கு மலேசியச் சட்டம் வரம்பு போடுகிறது. ஆக, ஒரு சாதாரண அணியின் முதலாளியைப் பற்றி ரசிகர் பேசுகிற பேச்சு இங்கே எளிதில் அரசமைப்பைப் பற்றிய பேச்சாகிவிடும். ஜே.டி.டி.யின் நிர்வாகத் திறன் மலேசியாவில் வேறெங்கும் இல்லாதது. சம்பள பாக்கியால் மற்ற அணிகள் தள்ளாடும்போது ஜொகூர் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தவறுவதில்லை என்பதே அந்த அணியின் மிகப்பெரிய கவர்ச்சி. பணத்தின் உறுதிக்கும் அதிகாரத்தின் நெருக்கத்துக்கும் இடையே கோடு போட ஃபிஃபா முயன்றதில்லை.

குடியுரிமை என்ற பாலம்

அணி மாற ஒப்பந்தம் போதும். நாட்டு அணி மாறக் குடியுரிமை வேண்டும். மலேசியாவும் சிங்கப்பூரும், இந்தியாவைப் போலவே, இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. சிங்கப்பூர் 2000களில் வெளிநாட்டுத் திறமையாளர்களுக்குக் குடியுரிமை தந்து டேனியல் பென்னெட், அலெக்சாண்டர் ஜூரிச் போன்றவர்களைத் தன் அணிக்குச் சேர்த்தது. அதே வழியில் வந்த மிர்க்கோ கிராபோவாக் பிற்பாடு அந்தக் குடியுரிமையைத் திருப்பிக்கொடுத்துவிட்டார். இந்தியாவில் 2025-இல் ரயான் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் கடப்பிதழைத் துறந்துதான் இந்தியரானார். மலேசியாவில் காம்பியாவில் பிறந்த முகமது சுமாரே 2018-இல் குடியுரிமை பெற்று தேசிய அணிக்கு ஆடினார், பின்னர் ஜே.டி.டி.க்கும் வந்தார்.

தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்திருந்தால் பேரன் அந்நாட்டு அணிக்கு ஆட ஃபிஃபா அனுமதிக்கிறது. இவர்களை மலேசிய ஊடகங்கள் 'பாரம்பரிய ஆட்டக்காரர்கள்' என்கின்றன. 2025 ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலிலில், ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் வியட்நாமை மலேசியா 4–0 என்று வென்றது. புதிதாகக் குடியுரிமை பெற்ற ஏழு பாரம்பரிய ஆட்டக்காரர்களைச் சுற்றி அதன் பிறகு எழுந்த புகாரில், 2025 செப்டம்பர் 26 அன்று ஃபிஃபா தண்டனை விதித்தது. மலேசியச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஏழு பேருக்கும் தலா 2,000 பிராங்க் அபராதமும் பன்னிரண்டு மாதத் தடையும். ஃபிஃபா திரட்டிய மூல ஆவணங்களின்படி, அவர்களின் தாத்தா பாட்டிகள் பிறந்தது மலேசியாவில் இல்லை. அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளில். தடைக்குள்ளானவர்களில் ஜொவாவோ ஃபிகெய்ரெடோ, ஜோன் இராசாபல், ஹெக்டர் ஹெவெல் மூவரும் ஜே.டி.டி. ஆட்டக்காரர்கள். நவம்பர் 3 அன்று ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் தண்டனையை உறுதிசெய்தது. சங்கம் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தை நாடியது.

நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர் சைபுடின் நசுத்தியோன் இஸ்மாயில், தமக்குள்ள விருப்புரிமையின்படி வசிப்புக்கால நிபந்தனையைத் தளர்த்தியதாக விளக்கினார். மலேசிய அரசமைப்பின்படி வெளிநாட்டவராக இருந்து இயல்புரிமை வழியில் குடியுரிமை பெற விண்ணப்பிப்பவர் பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்தம் பத்து ஆண்டுகள் நாட்டில் வசித்திருக்க வேண்டும். போதிய மலாய் மொழி அறிவும் வேண்டும். இந்த விளக்கம் தமிழர்களிடையே வேறொரு பழைய காயத்தைக் கிளறியது. தோட்டங்களில் பிறந்து, மலாய் பேசி, மலேசியாவை விட்டு ஒருநாளும் வெளியே போகாமலே முதுமையடைந்த தமிழர்கள் பலர் சிவப்பு அடையாள அட்டையுடன் நிரந்தர வசிப்பாளர்களாகவே இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் பதியாமல் விட்ட பெற்றோரின் பிள்ளைகள் நாடற்றவர்களாக நீல அட்டைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே அமைச்சரின் அதே விருப்புரிமைதான் கதவு.

ஏழு ஆட்டக்காரர்களின் நிலையும் முழுக்கச் சிரிப்புக்குரியதில்லை. ஆவணங்களைத் தயாரித்தது சங்கமும் முகவர்களும். கடப்பிதழ் தந்தது அரசு. கையெழுத்துப் போட்டது ஆட்டக்காரர். ஆடுகளத்தில் பயனடைந்தவர் தன் பெயரில் சமர்ப்பித்த ஆவணத்துக்கும் பொறுப்பு என்பது ஃபிஃபாவின் நிலை. தடையின் பளு ஜே.டி.டி.யின் அன்றாட ஆட்டங்களிலும் விழுந்தது. தேசிய அணிக்காக நேர்ந்த குற்றத்துக்கு, சம்பளம் தரும் அணியில் ஆடும் உரிமையையும் அந்த மூவர் இழந்தார்கள்.